2012 மியூனிக் இறுதிப் போட்டி: பேயர்ன் – செல்சி ஆட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்த ஆட்டம்?

2012ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடைபெற்ற ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி. ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணியும் இங்கிலாந்தின் செல்சி அணியும் மோதின. 90 நிமிட முடிவில் ஆட்டம் 1–1 என்று சமநிலையில் நின்றது. கூடுதலாக வழங்கப்பட்ட 30 நிமிடங்களிலும் கோல் விழாததால், பெனால்டி ஷூட் அவுட்டில் 4–3 என்ற கணக்கில் செல்சி வென்றது. லண்டன் நகரத்து அணி ஒன்று இந்தக் கோப்பையைக் கைப்பற்றியது அதுவே முதல் முறை. உள்ளூர் நேரப்படி இரவு 8.45 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் இந்தியாவில் நள்ளிரவு 12.15க்கு ஒளிபரப்பானது. கோப்பை கைமாறுவதைக் கடைசிவரை விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியச் சில மணி நேரமே எஞ்சியிருந்தது.

பேயர்ன் அணியின் சொந்த மைதானத்திலேயே இறுதிப் போட்டியை நடத்தியது எப்படி நியாயமாகும்?

இறுதிப் போட்டி நடைபெறும் இடத்தை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் சில ஆண்டுகளுக்கு முன்னதாகவே தீர்மானித்துவிடும். மியூனிக் 2009ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே தேர்வு செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து எந்த அணி இறுதிக்கு வரும் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே இதில் சலுகை என்று எதுவும் இல்லை.

இதற்கு முன்மாதிரிகளும் உண்டு. 1957இல் ரியல் மாட்ரிட்டும், 1965இல் இண்டர் மிலனும் தங்கள் சொந்த மைதானத்திலேயே ஐரோப்பியக் கோப்பையை (சாம்பியன்ஸ் லீக்கின் முந்தைய பெயர்) வென்றன. 1984இல் ரோமா அணி தன் ஊரில் ஆடியும் லிவர்பூலிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. சொந்த ஊர் ரசிகர்களின் ஆரவாரம் எவ்வளவு பெரிய பலமோ, தோற்கும்போது அவ்வளவு பெரிய பாரமும் ஆகிவிடுகிறது என்பதற்கு ரோமாவும், 28 ஆண்டுகள் கழித்துப் பேயர்னும் சாட்சி. பவேரிய வட்டார வழக்கில் ‘ஃபினாலே டஹோம்’, அதாவது ‘வீட்டிலேயே இறுதிப் போட்டி’ என்று அந்த ஊரே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது.

செல்சி அந்தப் பருவத்தில் நல்ல நிலையில் இருந்ததா?

இல்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுத் தொடரான பிரிமியர் லீக்கில் 6ஆவது இடத்தில்தான் முடித்தது. பருவத் தொடக்கத்தில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஆந்த்ரே வில்லாஸ் போவாஸ் மார்ச் மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டார். அவருடைய உதவியாளராக இருந்த ராபர்ட்டோ டி மத்தேயோ பருவம் முடியும்வரை தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அவர் முன்பு செல்சிக்காகவே ஆடிய இத்தாலியர்.

அவர் பொறுப்பேற்றபோது சாம்பியன்ஸ் லீக் பயணம் ஏறக்குறைய முடிந்துபோன நிலையில் இருந்தது. இறுதிக்கு முந்தைய வெளியேற்றுச் சுற்றுகளில் இரு அணிகளும் இரண்டு முறை மோதும்; இரண்டு ஆட்டங்களின் மொத்த கோல்களே முடிவைச் சொல்லும். இத்தாலியில் நாப்போலி அணியிடம் முதல் ஆட்டத்தில் 1–3 என்று செல்சி தோற்றிருந்தது. அந்த ஆட்டத்தில் மாஜ்ஜோ அடித்த பந்தை ஆஷ்லி கோல் கோல்கோட்டருகே நின்று தடுக்காமல் விட்டிருந்தால் கணக்கு 1–4 ஆகியிருக்கும். லண்டனில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்துக்குப் பின் 4–1 என்று வென்று செல்சி தப்பியது. மியூனிக் வெற்றியைப் பற்றிப் பேசுபவர்கள் ஆஷ்லி கோல் தடுத்த அந்த ஒற்றைப் பந்தை மறந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

அதன் பிறகு பென்ஃபிகாவை இரு ஆட்டங்களிலும் வென்றது. அரையிறுதியில் நடப்புச் சாம்பியனான பார்சிலோனாவை லண்டனில் 1–0 என்று வீழ்த்தியது. பார்சிலோனாவின் மைதானத்தில், தலைவர் ஜான் டெர்ரி சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பின் பத்துப் பேருடன் ஆடியும், 0–2 என்ற நிலையிலிருந்து 2–2 என்று சமன் செய்து இறுதிக்குள் நுழைந்தது.

பேயர்ன் அணியின் நிலை என்ன?

ஆட்டத் திறனில் பேயர்ன்தான் மேலே இருந்தது. பேசல் அணியை இரண்டாவது ஆட்டத்தில் 7–0 என்று நொறுக்கியது. மார்செய் அணியை இரு முறையும் 2–0 என்று வென்றது. அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை அதன் மைதானத்திலேயே பெனால்டி ஷூட் அவுட்டில் வெளியேற்றியது. அங்கே கோல்கீப்பர் மானுவல் நோயர் கிறிஸ்டியானோ ரொனால்டோ, காகா இருவரின் உதைகளையும் தடுக்க, வெற்றியை உறுதி செய்த கடைசி உதையை பாஸ்டியன் ஸ்வைன்ஸ்டைகர் அடித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆனால் உள்நாட்டில் அந்த அணி அடிமேல் அடி வாங்கியிருந்தது. ஜெர்மன் லீக்கில் டார்ட்முண்டுக்குப் பின்னால் இரண்டாம் இடம். இறுதிப் போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு நடந்த ஜெர்மன் கோப்பை இறுதியிலும் அதே டார்ட்முண்டிடம் 2–5 என்று தோல்வி. மியூனிக்கில் வெல்வது அவர்களுக்குப் பெருமை மட்டுமல்ல, அந்தப் பருவத்தையே மீட்டெடுக்கும் ஒரே வழியாகவும் இருந்தது.

இரு அணிகளிலும் முக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் ஆடாதது ஏன்?

அரையிறுதியில் பெற்ற அட்டைகளால்தான். செல்சியில் டெர்ரி சிவப்பு அட்டையாலும், இவானோவிச், ராமிரெஸ், மெய்ரெலெஸ் ஆகியோர் மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததாலும் தடைபெற்றனர். பேயர்னில் அலாபா, பாட்ஷ்டூபர், லூயிஸ் குஸ்தாவோ மூவருக்கும் மஞ்சள் அட்டைகளால் அதே கதி. ஒரு பருவம் முழுக்க உழைத்துவிட்டு, அரையிறுதியில் வாங்கிய ஒரு மஞ்சள் அட்டைக்காக இறுதிப் போட்டியை ஓரத்திலிருந்து பார்க்கச் சொல்வது கொடுமையான தண்டனை. காலிறுதியோடு மஞ்சள் அட்டைக் கணக்கு அழிக்கப்படும் வகையில் விதி பின்னர் மாற்றப்பட்டது. அது நல்ல மாற்றம்.

இதன் விளைவாக இரண்டு அணிகளும் ஒட்டுப்போட்ட தற்காப்புடன் களமிறங்கின. நடுக்கள ஆட்டக்காரரான டிமோஷ்சுக் பேயர்னின் மையத் தற்காப்பில் நின்றார். செல்சியில் தொடைத் தசைக் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்ட கேரி கேஹிலும் டேவிட் லூயிஸும் பல வாரங்களாக ஆட்டமே ஆடாத நிலையில் நேராக இறுதிப் போட்டிக்கு வந்து 120 நிமிடங்களும் தாக்குப்பிடித்தனர்.

ரயன் பெர்ட்ராண்ட் என்ற பெயர் தெரியாத இளைஞரை டி மத்தேயோ ஏன் சேர்த்தார்?

22 வயதான பெர்ட்ராண்ட் இயல்பில் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர். சாம்பியன்ஸ் லீக்கில் அவர் ஆடிய முதல் ஆட்டமே இந்த இறுதிப் போட்டிதான். பேயர்னின் தாக்குதலில் பெரும்பகுதி வலப்பக்கத்தில் பிலிப் லாம், ஆர்யென் ராபன் இருவர் வழியாக வரும் என்பதால், ஆஷ்லி கோலுக்கு முன்னால் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரரையே நிறுத்தி அந்தக் கதவை இரட்டைத் தாழ்ப்பாள் போட்டு அடைப்பதே டி மத்தேயோவின் எண்ணம். 73ஆவது நிமிடத்தில் அவருக்குப் பதிலாக ஃபுளோரன் மலூதா வரும்வரை அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார்.

90 நிமிடங்களில் நடந்தது என்ன?

பெரும்பாலான நேரம் ஒரே திசையில்தான் ஆட்டம் நடந்தது. 21ஆவது நிமிடத்தில் ராபன் அடித்த பந்தைச் செல்சி கோல்கீப்பர் பெத்ர் செக் தடுத்தபோது அது கம்பத்தில் பட்டு விலகியது. மரியோ கோமெஸ் நல்ல வாய்ப்புகளை வீணடித்தார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஃபிராங்க் ரிபெரி பந்தை வலைக்குள் அனுப்பினார்; ஆனால் அது ஆஃப்சைடு என்று அறிவிக்கப்பட்டது.

83ஆவது நிமிடத்தில் டோனி குரூஸ் இடப்பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்து தற்காப்பைத் தாண்டித் தொலைக் கம்பத்தருகே இறங்கியது. அங்கே தனித்து நின்ற தாமஸ் முல்லர் அதைத் தலையால் தரையை நோக்கி அடித்தார். தரையில் குத்தி எழுந்த பந்து செக்கைக் கடந்து மேல் கம்பத்தின் அடிப்பகுதியில் உரசி உள்ளே போனது. அரங்கமே வெடித்தது. ஏழு நிமிடங்களே மீதம்.

ஐந்து நிமிடம் கழித்து, மாற்று ஆட்டக்காரராக வந்த ஃபெர்னாண்டோ டோரஸ் செல்சிக்கு ஒரு கார்னர் (களத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதை) பெற்றுத் தந்தார். அன்று அந்த அணிக்குக் கிடைத்த முதல் கார்னர் அதுவே. யுவான் மாட்டா அதை அருகிலிருந்த கம்பத்தை நோக்கி வளைத்து அனுப்பினார். தன்னைக் காத்து நின்றவரை முந்திக்கொண்டு ஓடிவந்த டிடியே ட்ரோக்பா, கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்பி அடித்த பந்து அம்புபோல் பாய்ந்தது. நோயரின் கை அதைத் தொட்டும் நிறுத்த முடியவில்லை. 1–1.

கோல் அடித்த முல்லரை உடனே வெளியே எடுத்தது தவறா?

87ஆவது நிமிடத்தில் பேயர்ன் பயிற்சியாளர் யுப் ஹைன்கஸ், முல்லருக்குப் பதிலாக உயரமான தற்காப்பு ஆட்டக்காரர் டேனியல் வான் பைட்டனை இறக்கினார். மறு நிமிடம் செல்சி கோல் அடித்தது. ட்ரோக்பா போன்ற தலைப்பந்து வல்லவர் எதிரணியில் இருக்கும்போது, கடைசி நிமிடங்களில் உயரமான ஒருவரைச் சேர்ப்பதில் தவறில்லை; எந்தப் பயிற்சியாளரும் செய்யக்கூடியதே. இழப்பு பின்னால்தான் தெரிந்தது: கூடுதல் நேரம் முழுவதும் முல்லர் இல்லாமல் ஆட வேண்டியதாயிற்று, பெனால்டி அடிக்கவும் அவர் இல்லை. கோல் விழுந்ததற்கு அந்த மாற்றத்தைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. அதற்குப் பிந்தைய அரை மணி நேரத்துக்கு அது காரணம் என்பதை மறுக்கவும் முடியவில்லை.

கூடுதல் நேரத்தில் பேயர்னுக்குப் பெனால்டி கிடைத்தது எப்படி?

தற்காப்புக்கு உதவப் பின்னால் இறங்கிவந்த ட்ரோக்பா, பெனால்டி எல்லைக்குள் ரிபெரியின் காலைப் பின்னாலிருந்து தட்டிவிட்டார். போர்த்துகீசிய நடுவர் பெட்ரோ புரோயென்சா தயங்காமல் பெனால்டி அறிவித்தார். காயமடைந்த ரிபெரி சிறிது நேரத்தில் வெளியேற, இவிச்சா ஒலிச் வந்தார்.

ட்ரோக்பா இதே தவறைச் சில வாரங்களுக்கு முன்பு பார்சிலோனாவிலும் செய்திருந்தார். அங்கே அவர் ஃபாப்ரிகாஸை வீழ்த்தியதால் கிடைத்த பெனால்டியை லயனல் மெஸ்ஸி மேல் கம்பத்தில் அடித்தார். மியூனிக்கில் அடிக்க வந்தவர் ராபன். 2004 முதல் 2007 வரை செல்சியில் செக்குடன் ஒரே அணியில் ஆடியவர் அவர். 95ஆவது நிமிடத்தில் தாழ்வாக அவர் அடித்த பந்தைச் செக் தன் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். பந்து உடலுக்கு அடியில் நழுவப் பார்க்க, அதன்மேல் கவிழ்ந்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். மறுபடி உதைக்க ஓடிவந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

பெனால்டி ஷூட் அவுட் எந்த வரிசையில் நடந்தது?

பேயர்ன் ரசிகர்கள் நின்ற பக்கத்துக் கோலில் அது நடந்தது. முதலில் அடித்ததும் பேயர்னே. இரண்டும் அந்த அணிக்குச் சாதகம். அணித்தலைவர் லாம் கோல் அடித்தார். செல்சியின் முதல் உதையை மாட்டா அடிக்க, நோயர் தடுத்துவிட்டார். கோமெஸ் அடித்தார், டேவிட் லூயிஸ் நீண்ட தூரம் ஓடிவந்து பலமாக அடித்தார். மூன்றாவதாகப் பேயர்னுக்கு உதைத்தவர் கோல்கீப்பர் நோயரே, அவரும் தவறவிடவில்லை. டெர்ரி இல்லாததால் அன்று தலைமை தாங்கிய ஃபிராங்க் லம்பார்ட் பதிலடி கொடுத்தார். பேயர்ன் 3, செல்சி 2.

நான்காவது உதையை ஒலிச் அடித்தார், செக் தடுத்தார். ஆஷ்லி கோல் அடித்ததும் 3–3.

ஐந்தாவது, ஸ்வைன்ஸ்டைகர். மாட்ரிட்டில் அணியைக் காப்பாற்றிய அதே மனிதர். ஓடிவரும்போது ஒரு கணம் நடையைத் தளர்த்தி, கோல்கீப்பர் எந்தப் பக்கம் அசைகிறார் என்று பார்த்து, கம்பத்தின் ஓரமாக அடித்தார். செக்கின் விரல்நுனி பந்தில் பட்டது. பந்து கம்பத்தின் உட்புறத்தில் மோதித் திரும்பியது. அவர் தன் சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்.

அடுத்து ட்ரோக்பா. அதிக தூரம் பின்வாங்கவில்லை. சில எட்டுகளே வைத்து, நோயர் ஒரு பக்கம் சாய, மறு பக்கம் உருட்டிவிட்டார்.

செக் ஆறு முறையும் சரியான பக்கம் பாய்ந்தார் என்பது உண்மையா? அது அதிர்ஷ்டம்தானே?

உண்மை. ராபனின் உதையும் ஷூட் அவுட்டின் ஐந்து உதைகளுமாக மொத்தம் ஆறு. ஆறிலும் பந்து போன பக்கமே அவர் பாய்ந்தார். அவற்றில் இரண்டை முழுமையாகத் தடுத்தார், ஒன்றை விரல்நுனியால் கம்பத்துக்குத் திருப்பினார்.

வெறும் ஊகத்தில் இடமோ வலமோ என்று ஆறு முறை சரியாகச் சொல்ல, 64இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. செக் ஊகித்துக்கொண்டு நிற்கவில்லை. கோல்கீப்பர் பயிற்சியாளர் கிறிஸ்தோஃப் லோலிஷோனுடன் சேர்ந்து, முந்தைய சில ஆண்டுகளில் பேயர்ன் ஆட்டக்காரர்கள் அடித்த பெனால்டிகளின் காட்சிப் பதிவுகளை ஒன்று விடாமல் பார்த்துத் தயாராகி வந்திருந்தார். யார் எந்தப் பக்கத்தை விரும்புவார், நெருக்கடியில் யார் பக்கம் மாற்றுவார் என்பது அவர் மனத்தில் இருந்தது. 2006இல் ஓர் ஆட்டத்தில் மண்டையோடு உடைந்து, அதன் பிறகு தலைக்கவசம் அணியாமல் களமிறங்காத ஒருவர், அந்த அளவுக்குத் தன் வேலையைப் படித்துவிட்டு வந்தார். இந்த வெற்றியை ‘அதிர்ஷ்டம்’ என்ற ஒரே சொல்லில் அடக்குபவர்கள் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதே என் வருத்தம்.

கார்னர் எண்ணிக்கையைப் பார்த்தால் பேயர்ன்தானே வென்றிருக்க வேண்டும்?

பேயர்னுக்கு 20 கார்னர், செல்சிக்கு 1. கோலை நோக்கி அடித்த உதைகளிலும் பேயர்ன் பல மடங்கு முன்னிலை. அன்றைய ஆட்டத்தில் சிறந்த அணி எது என்று கேட்டால் பேயர்ன் என்றே சொல்வேன். அதை மறைக்கச் செல்சி ரசிகர்களும் முயல வேண்டியதில்லை.

ஆனால் கிடைத்த ஒரே கார்னரைச் செல்சி கோலாக்கியது. இருபதில் ஒன்றைக்கூடப் பேயர்னால் கோலாக்க முடியவில்லை. கேஹிலும் லூயிஸும் ஆஷ்லி கோலும் தங்கள் உடலைக் குறுக்கே போட்டுத் தடுத்த பந்துகள் ‘உதைகள்’ என்ற பத்தியில் பேயர்ன் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. அவற்றைத் தடுத்தவர்களுக்கு அந்தப் பத்தியில் இடமில்லை. தற்காத்து ஆடுவதும் கால்பந்தின் ஒரு கலையே. நெருக்குதல் கூடக்கூட ஒருவரை ஒருவர் விட்டு விலகாமல் நிற்க, 120 நிமிடங்களுக்கு அசாத்தியமான ஒழுங்கு வேண்டும்.

2008 மாஸ்கோ இறுதிப் போட்டியுடன் இதை ஏன் ஒப்பிடுகிறார்கள்?

2008இல் மாஸ்கோவில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகவும் செல்சி 1–1 என்று சமன் செய்து பெனால்டிக்குப் போனது. அங்கே ட்ரோக்பா கூடுதல் நேரத்தின் இறுதியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கோப்பையை வெல்லும் உதையை அடிக்க வந்த டெர்ரி, ஈரத் தரையில் வழுக்கிக் கம்பத்தில் அடித்தார். செல்சி தோற்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து டெர்ரி தடையால் வெளியே இருந்தார். கடைசி உதையை அடிக்க ட்ரோக்பா களத்தில் இருந்தார். கோப்பை வழங்கும் நேரத்தில் டெர்ரி முழு ஆட்ட உடையில் வந்து லம்பார்டுடன் சேர்ந்து அதைத் தூக்கினார். ஆடாதவர் ஏன் உடை மாற்றினார் என்று கேலி செய்தவர்கள் ஏராளம். மாஸ்கோவில் மழையில் அவர் அழுததைப் பார்த்தவர்களால் அந்தக் கேலியில் சேர முடியாது.

இந்த முடிவால் டாட்டன்ஹாம் அணி பாதிக்கப்பட்டது எப்படி?

பிரிமியர் லீக்கில் 4ஆவது இடம் பிடித்த டாட்டன்ஹாமுக்கு அடுத்த சாம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு அணிகள் என்பது அன்றைய விதி. கோப்பை வென்ற செல்சிக்கு இடம் கட்டாயம் என்பதால், டாட்டன்ஹாம் அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்குக்குத் தள்ளப்பட்டது. தான் ஆடாத ஆட்டத்தில் தோற்றதைப் போன்ற நிலை.

இரு அணிகளுக்கும் பிறகு என்ன ஆயிற்று?

ட்ரோக்பா அந்தக் கோடையில் செல்சியை விட்டுச் சென்றார். 2014இல் ஒரு பருவத்துக்குத் திரும்பி வந்தார். டி மத்தேயோ நிரந்தரப் பயிற்சியாளராக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். நடப்புச் சாம்பியனாக இருந்தும் பிரிவுச் சுற்றிலேயே வெளியேறிய முதல் அணி என்ற பெயரும் செல்சிக்கு வந்தது.

பேயர்ன் நொறுங்கிப் போகவில்லை. மறு ஆண்டே, 2013 மே 25 அன்று, லண்டன் வெம்பிளி மைதானத்தில் டார்ட்முண்டை 2–1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. ஆட்டம் முடியச் சற்று முன்பு வெற்றி கோலை அடித்தவர், மியூனிக்கில் பெனால்டியைத் தவறவிட்ட ராபன். அந்தப் பருவத்தில் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் அந்த அணி வென்றது.

2013 ஆகஸ்டு 30 அன்று பிராகா நகரில் சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் வெற்றியாளர்கள் மோதும் ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்காக இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. இம்முறை கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் சமன் செய்தது பேயர்ன். 2–2க்குப் பின் மறுபடியும் பெனால்டி; மறுபடியும் செக்கும் நோயரும் எதிரெதிரே. பேயர்னின் ஐந்து உதைகளும் வலைக்குள் போயின. செல்சியின் ஐந்தாவது உதையை, ரொமேலு லுகாகு அடித்ததை, நோயர் தடுத்தார்.